சூரிய உதயத்துக்கு முன்பா, பின்பா

ஐப்பசி 20, புதன்

காலையில் காபி கால் டம்ளர். மாத்திரைக்கு இரண்டு மடக்குத் தண்ணீர். மத்தியானம் ரசம் கேட்டான். கொடுக்கவில்லை.

இந்த டைரி இதற்குத்தான் வாங்கினது. என் மகன் குற்றாலிங்கத்துக்கு இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். அவன் குடிக்கிறதையெல்லாம் எழுதி நர்ஸிடம் காட்ட வேண்டும். தமயந்தி தானே எழுதுவதாகச் சொன்னாள். என் மருமகள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள். டைப் அடித்தே பழகினவள், கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். நான் அஞ்சாவதோடு நின்றவள், ஆனால் என் எழுத்தை யாரும் இரண்டாம் தடவை படித்துப் பார்க்க வேண்டியதில்லை. நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். தண்ணீரை மட்டும் எழுதினால் பக்கம் வீணாகிறது. அதனால் மற்றதும் எழுதுகிறேன்.

நேற்று இடி விழுந்ததில் கடைக் கம்ப்யூட்டர் போய்விட்டது. கடை என்றால் எங்கள் வீட்டு முன்னறைதான். தென்காசியில் கம்ப்யூட்டர் ஜாதகம் என்று முதலில் போர்டு மாட்டினது நாங்கள். மற்றவர்கள் எல்லாம் மெட்ராசிலிருந்து புரோகிராம் வாங்கி வந்தார்கள். என் மகன் கல்யாணத்துக்கு முந்தியே தானாக உட்கார்ந்து எழுதினான். கட்டம், தசாபுத்தி, பத்துப் பொருத்தம், எல்லாம் சொல்லும். ஒரு நாழிகை தப்பாது.

அதில் என் பங்கும் உண்டு. சனங்கள் தமிழ்த் தேதி சொல்லுவார்கள், மிஷினுக்கு இங்கிலீஷ் தேதி வேண்டும். பழைய பஞ்சாங்கம் அத்தனையும் என் பீரோவில்தான் இருக்கிறது. நான் எடுத்துக் கொடுப்பேன், அவன் தட்டுவான். பி.ஏ. படித்தவர்கள்கூட என் முன்னால் வந்து நிற்பார்கள்.

ஐப்பசி 22, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்தார். மிஷின் செத்தது செத்ததுதான். உள்ளே இருந்த புரோகிராமை மட்டும் காப்பாற்றி எடுத்துவிட்டார். ஆனால் புது மிஷின் எதிலும் அது ஓடாதாம். "அண்ணாச்சி, இது தாத்தா காலத்துப் புரோகிராம். இப்ப உள்ளதெல்லாம் இத ஏத்துக்கிடாது" என்றார். போனிலேயே இப்போது ஜாதகம் சும்மா வருகிறதே, எதற்கு வீண் வேலை என்றும் சொன்னார். அவருக்குக் காபி போட அடுப்பில் வைத்த பாலை இறக்கிவிட்டேன்.

ஐப்பசி 25, திங்கள்

ஆய்க்குடியிலிருந்து ஒரு பொம்பளை, பேரன் பிறந்திருக்கிறான் என்று ஜாதகம் எழுத வந்தாள். மிஷின் இல்லை என்று லிங்கம் திருப்பி அனுப்பிவிட்டான். அவள் போன பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தவன் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. போர்டைக் கழற்றிவிடச் சொன்னான். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

காயில் இருக்கிற உப்புச் சத்து கிட்னிக்கு ஆகாதாம், நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அவனுக்குச் சமைக்க வேண்டும். ருசி பூராவும் சாக்கடைக்குப் போகிறது.

கார்த்திகை 2, ஞாயிறு

தமயந்தி பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட மிஷின் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். கூடவே ஒரு பென் டிரைவில் ஏதோ சிஸ்டம். அதன் பேர் என் வாயில் நுழையவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம், காசு கிடையாதாம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஓசி வாங்கிப் பழக்கம் இல்லை. ரேஷன் சேலையைக்கூட நான் வாங்கினதில்லை. அதைச் சொன்னேன். லிங்கம் பத்து நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தான். "தானமா வந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்கக்கூடாதும்மா" என்றான். பல்லே இல்லாத மாடாக இருந்தால் என்ன செய்ய என்று கேட்டேன்.

இது தானம் இல்லை, ஊர் கூடிக் குளம் வெட்டுகிற மாதிரி என்று அவன் விளக்கினான். ஒருத்தரை ஒருத்தர் பார்த்திராதவர்கள் ஆளுக்கு ஒரு கூடை மண் சுமந்து கொட்டுகிறார்கள். குளத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது, யாரும் தண்ணீர் மொண்டுகொள்ளலாம். பெரிய கம்பெனியின் பழைய சிஸ்டம் எப்படி நடந்துகொண்டதோ அதே மாதிரி இதுவும் நடந்துகொள்ளும்படி, ஆனால் அதைக் காப்பி அடிக்காமல், இவர்களாகவே புதுசாக எழுதுகிறார்களாம். பழைய புரோகிராம் வந்து கதவைத் தட்டினால் தன் பழைய வீடுதான் என்று நினைத்து உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளுமாம்.

"வந்த வீட்டைத் தன் வீடுன்னு நெனைக்கது அம்புட்டு லேசு இல்ல" என்று தமயந்தி ஒயரைச் சொருகிக்கொண்டே சொன்னாள். யாருக்குச் சொன்னாளோ.

கார்த்திகை 3, திங்கள்

ஓடிவிட்டது.

காலையில் மூன்று தடவை நின்றுபோனது. அந்த சிஸ்டத்தையே இன்னும் முழுசாக எழுதி முடிக்கவில்லையாம், அடிக்கடி மயக்கம் போடும் என்று தமயந்தி சொன்னாள். டயாலிசிஸ் முடிந்து வரும்போது லிங்கத்துக்கும் அப்படித்தான் தலை சுற்றும். "எனக்கும் அதுக்கும் சரியாப் போச்சு" என்றான். நாலாம் தடவை கறுப்புத் திரையில் அவன் புரோகிராம் வந்து நின்றது. தமயந்தி நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

ஆய்க்குடிப் பொம்பளைக்குப் போன் போட்டு வரச் சொன்னோம். குழந்தை சனிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்குப் பிறந்தது என்றாள். எல்லாரும் தப்பு செய்கிற இடம் இதுதான். நம் கணக்குக்கு விடிகிற வரைக்கும் அது சனிக்கிழமை. இங்கிலீஷ் கணக்குக்கு நடுராத்திரியோடு ஞாயிறு பிறந்துவிடும். சனிக்கிழமைத் தேதியைப் போட்டு ஒன்றரை மணி என்று தட்டினால் ஒரு நாள் முந்திப் போய், பிள்ளையின் நட்சத்திரமே மாறிவிடும். அதற்காகத்தான் என் மகன் மிஷினில் ஒரு கேள்வி வைத்திருக்கிறான். ராத்திரிப் பிறப்பு என்றால் அது நின்று கேட்கும்: சூரிய உதயத்துக்கு முன்பா, பின்பா. முன்பு என்றால் தானே ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கொள்ளும். கல்யாணமான மறு வருசம்தான் இந்தக் கேள்வியைச் சேர்த்தான். அதற்கு முன்னால் எத்தனை பேர் ஜாதகம் ஒரு நாள் பிசகிப் போச்சோ. சனங்களுக்குச் சொன்னாலும் புரிகிறதில்லை.

பிரிண்டர் கரகரவென்று அடிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. இன்றைக்கு அரை டம்ளர் மோர் கூடக் கொடுத்துவிட்டேன். எழுத வேண்டாம் என்று பார்த்தேன், எழுதிவிட்டேன்.

கார்த்திகை 8, சனி

டயாலிசிஸ். நர்ஸ் டைரியை வாங்கிப் பார்த்துவிட்டு, மோரைப் பற்றிக் கேட்டாள்.

கார்த்திகை 12, புதன்

திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரி. மாற்றுக் கிட்னிக்கு யாருடையது சேரும் என்று பார்த்த ரிசல்ட்டு வந்தது. என்னுடையது வேண்டாமாம், சக்கரை வியாதியாம். எனக்குச் சக்கரை எல்லாம் கிடையாது. கொஞ்சம் இனிப்பு கூடும், அவ்வளவுதான்.

தமயந்தியினுடையது சேருமாம். "நல்ல பொருத்தம்மா, பெண்டாட்டியோடது இவ்வளவு பொருந்துறது அபூர்வம்" என்று டாக்டர் சொன்னார். பொருத்தம் பார்க்க இவர் என்ன ஜோசியரா.

பஸ்ஸில் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கார்த்திகை 14, வெள்ளி

கோயிலில் மூன்று பேர் பேருக்கும் அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்டார். லிங்கத்துக்கு அவிட்டம். தமயந்தி தனக்கு வழக்கம்போலத் திருவாதிரை என்று முணுமுணுத்தாள். மிருகசீரிடம் என்று நான் திருத்தினேன்.

அவளுக்குத் தாய் இல்லை. சித்தி வளர்த்த பிள்ளை, ஜாதகம் எழுதி வைக்கவில்லை. ஆனி பத்தாம் தேதி வியாழக்கிழமை ராத்திரி ரெண்டரை மணிக்குப் பிறந்தாள், திருவாதிரை என்று அவ அம்மா சொல்லுவாள் என்று அந்தச் சித்தி வாய்ப்பேச்சாகச் சொன்னது. வாய்ப்பேச்சை யார் நம்புவார்கள். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்து வியாழக்கிழமைக்கு உள்ள இங்கிலீஷ் தேதியை எடுத்துக் கொடுத்தேன், மிஷின் மிருகசீரிடம் என்று சொல்லிவிட்டது. மிருகசீரிடத்துக்கும் அவிட்டத்துக்கும் ரஜ்ஜு தட்டும். ரஜ்ஜு என்பது தாலிக் கயிற்றுக்குப் பலம் சொல்லுகிற பொருத்தம். மற்ற ஒன்பதும் இருந்து இது ஒன்று இல்லாவிட்டால் புருசன் உயிருக்கு ஆகாது. அவள் பக்கத்து டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தவள், இவனுக்குப் பிடித்துப்போனது. நான் அழுதேன். மிஷினை எழுதினவன் நான், எனக்குத் தெரியாதா என்று சொல்லிக் கட்டிக்கொண்டான். இப்போது பார்க்கிறோம்.

நான் அவளை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஊரில் கேட்டுப் பார்க்கலாம்.

கார்த்திகை 20, வியாழன்

ஆபரேசனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். மார்கழி 11.

மார்கழியில் வீட்டுக்கு வெள்ளைகூட அடிக்க மாட்டோம். அதிலே போய் இரண்டு உடம்பை அறுப்பார்களாம். அதிலும் அவள் உடம்பிலிருந்து எடுத்து இவன் உடம்பில். தை பிறக்கட்டும், நல்ல நாள் நானே பார்த்துத் தருகிறேன் என்றேன். தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது என்று டாக்டர் சொன்னதாகத் தமயந்தி சொன்னாள். அவள் குரல் உயர்ந்தது. இந்த வீட்டில் அது புதுசு.

கார்த்திகை 22, சனி

வயிறு சரியில்லை. சாப்பிடவில்லை.

கார்த்திகை 23, ஞாயிறு

இன்றைக்கும் வயிறு சரியில்லை. பேத்தி நித்திலா கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து போன் போட்டாள். "ஆச்சி, நீ உண்ணாவிரதம் இருக்கியாம்ல, அப்பா சொல்லுதாவ" என்று கேட்டாள். வயிற்று வலிக்கும் உண்ணாவிரதத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைக்கு என்னத்துக்குக் காலேஜ்.

கார்த்திகை 24, திங்கள்

தேதியைத் தைக்கு மாற்றச் சொல்லி லிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போன் பேசிவிட்டான். தமயந்தி அப்போது கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணி என்று தெரியாமல் எல்லாவற்றையும் எடுத்து மடித்து வைத்திருக்கிறாள்.

எனக்கு வயிறு தேவலை. ரசஞ்சோறு சாப்பிட்டேன்.

மார்கழி 3, புதன்

காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். லிங்கம் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான். முகம் ஊதியிருந்தது, விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. பேச்சு மட்டும் நன்றாக இருந்தது. எந்த நாட்டுக்காரனோ எழுதின சிஸ்டம், என் தப்பையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு ஓடுகிறது என்றான். உன் புரோகிராமில் தப்பு ஏது என்று கேட்டேன். புரோகிராமில் இல்லை, போடுகிற தேதியில்தான் தப்பு வரும் என்றான்.

பிறகு, "எம்மா, உதயத்துக்கு முன்னயா பின்னயான்னு அந்தக் கேள்விய நான் எதுக்குப் போட்டேன்னு ஒனக்குத் தெரியுமா" என்றான்.

சனங்கள் தப்பாகத் தேதி சொல்லுகிறதனால் போட்டாய் என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். "ஆமா, சனங்கதான்" என்றான். அதற்குள் தமயந்தி மாத்திரையோடு வந்தாள். பேச்சு அதோடு நின்றது.

தண்ணீர் இரண்டு மடக்கு.

மார்கழி 11, வியாழன்

இன்றைக்கு விசேஷம் ஒன்றும் இல்லை. டயாலிசிஸ் போய்விட்டு வந்தார்கள்.

மார்கழி 14, ஞாயிறு

காய்ச்சல். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்ட இடம் சிவந்திருக்கிறது. குளிர் தூக்கிப் போட்டது, இரண்டு போர்வை போதவில்லை. தமயந்தி மேலே படுத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்துதான் இருந்தது. சாத்திவிட்டு வந்தேன்.

மார்கழி 15, திங்கள்

ஆம்புலன்ஸ். திருநெல்வேலி.

மார்கழி 17, புதன்

ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டதாம். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விடுகிறார்கள். வாசலில் புது வருசம் என்று கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் எனக்கும் ஒரு துண்டு நீட்டினான். வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தமயந்தி டாக்டரிடம் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இந்தக் காய்ச்சலில் முடியாதாம். காய்ச்சலுக்கு முந்தி என்றால் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். பொதுவாகத்தான் சொன்னார்.

மார்கழி 18, வியாழன்

தண்ணீர் எழுத ஒன்றும் இல்லை. குழாயில்தான் போகிறது.

மார்கழி 20, சனி

போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஞாயிறு என்று போட்டிருக்கிறார்கள். மூன்றே முக்கால் மணி. இன்னும் விடியவில்லை, விடியாமல் எப்படி ஞாயிறு வரும், சனிக்கிழமை என்று போடுங்கள், திதி மாறிவிடும் என்று நான் அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் பாவம், எழுதினதைத் திருத்த முடியாது பாட்டி என்றாள். தமயந்திதான் வந்து என் கையைப் பிடித்து விலக்கிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ராத்திரி மூணே முக்கால்னா காயிதத்துல மறுநாள்தான் அத்தை" என்றாள். அழுது முடித்த குரல். "நம்ம கணக்கு வேற, அவங்க கணக்கு வேற. ஒங்களுக்குத் தெரியாததா."

எனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் சொன்னதே நான்தான்.

தை 1, செவ்வாய்

பொங்கல் கிடையாது.

தை 8, செவ்வாய்

நேற்றோடு பதினாறு முடிந்தது. நித்திலா காலேஜுக்குக் கிளம்பிப் போனாள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக்கோ ஆச்சி என்றாள். என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவள் அம்மாவிடம் சொன்னாளா, தெரியாது.

காலையில் பழக்கதோசத்தில் சுரைக்காயை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டேன். தண்ணீரைக் கொட்டும்போதுதான் புத்தி வந்தது. அப்படியே சமைத்தேன். தமயந்தி அதையே சாப்பிட்டாள்.

பத்து மணிக்கு இலஞ்சியிலிருந்து ஒரு அம்மா வந்தாள். துக்கம் தெரியாமல் வந்துவிட்டாள். மகளுக்கு வரன் வந்திருக்கிறது, ஜாதகம் இல்லை, லிங்கம் சார் எழுதினால்தான் மாப்பிள்ளை வீட்டில் நம்புவார்கள் என்றாள். திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் தமயந்தி போய் மிஷினைப் போட்டுவிட்டாள். அவன் நாற்காலியில் உட்காரவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மகள் புதன்கிழமை ராத்திரி மூணு மணிக்குப் பிறந்தவள். நான் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புதன்கிழமைத் தேதியை எடுத்துக் கொடுத்தேன். தமயந்தி தட்டினாள். மிஷின் நின்று கேட்டது. முன்பு என்று அமுக்கினாள். தேதி தானே வியாழனுக்கு நகர்ந்தது. அந்த அம்மா காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

தமயந்தி எழுந்திருக்கவில்லை. இன்னொரு ஜாதகம் தட்டினாள். நான் பஞ்சாங்கத்தைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தேன், அவள் என்னிடம் தேதி கேட்கவில்லை. அவளாகவே போட்டாள். திரையில் ஆனி பத்துக்கு உள்ள இங்கிலீஷ் தேதியும், வியாழன் என்றும் ரெண்டரை என்றும் இருந்தது. அந்தக் கேள்வி வந்தது. முன்பு என்று அமுக்கினாள். அடுத்தாற்போல் பொருத்தம் பார்க்க லிங்கம் பேரையும் அவிட்டத்தையும் போட்டாள். பிரிண்டர் அடித்தது.

அவள் அந்தக் காகிதத்தைக் கிழித்து எடுக்கவில்லை. அதிலேயே தொங்கவிட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். பெண் நட்சத்திரம் திருவாதிரை. தினம் உண்டு, கணம் இல்லை, யோனி இல்லை என்று வரிசையாக இருந்தது. ரஜ்ஜு உண்டு என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் நின்றேனோ, தமயந்தி வந்து வாசலில் நிற்கிறாள். கையில் எனக்குக் காபி. அந்தக் காகிதத்தையும் என்னையும் பார்த்தாள். எத்தனையோ பேச்சு பேசியிருக்கலாம். நான் அவளாக இருந்திருந்தால் பேசியிருப்பேன்.

"ஓசி சிஸ்டம்தான அத்தை" என்றாள். "அதுவே இன்னும் எழுதி முடிக்காதது. தப்பாக்கூடச் சொல்லும்."

அப்படித்தான் என்று சொல்லிவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அந்தக் கணக்கு தப்பு என்று ஆகிவிடும்.

"சிஸ்டம் எவன் எழுதுனதா வேணா இருக்கட்டும்" என்றேன். "உள்ள இருக்க கணக்கு என் மகன் எழுதுனது. தப்பாது."

அவள் காபியை மேஜையில் வைத்தாள். அப்போது பார்த்து மிஷின் மறுபடி மயக்கம் போட்டுவிட்டது. அணைத்துப் போட்டாள். அது எழுந்திருக்கும்போதெல்லாம் இன்றைய தேதி என்ன என்று கேட்கும். அவன் இருந்தபோது நான் சொல்லுவேன், அவன் தட்டுவான். தமயந்தி தட்டுகிற பலகையில் கையை வைத்துக்கொண்டு, பழக்கத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே தேதியெல்லாம் நீயே போடு, தாயி" என்றேன்.